பேனலில் பெயர் வந்த பிறகு

அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் அறைக்குள் நுழைந்தால் நான் முதலில் தேடுவது அந்தப் பலகையைத்தான். காமராசர் படத்துக்கும் கால அட்டவணைக்கும் நடுவே, கறுப்புப் பின்னணியில் வெள்ளைப் பெயின்ட் எழுத்தில் இருக்கும்: வரிசை எண், பெயர், கல்வித் தகுதி, பணியேற்ற நாள், பணி விடுவிப்பு நாள். பல பள்ளிகளில் மேலே உள்ள பழைய பெயர்களுக்கு எதிரே ஏழு, எட்டு, பதினோரு ஆண்டுகள் தெரியும். கீழே வர வர இரண்டு ஆண்டு, ஒன்றரை ஆண்டு, சில வரிகளில் ஏழே மாதம். வரிகளுக்கு நடுவே கணக்கில் வராத காலமும் உண்டு. ஒருவர் மே 31-ல் ஓய்வு பெற்றிருப்பார், அடுத்தவர் மறு ஆண்டு ஆகஸ்டில்தான் பணியேற்றிருப்பார். இடைப்பட்ட பதினான்கு மாதம் மணி அடித்தது, தேர்வு நடந்தது, மாற்றுச் சான்றிதழ்களில் யாரோ கையெழுத்துப் போட்டார்கள். அந்த யாரோ 'பொறுப்பு ஹெச்.எம்.' பொறுப்புக்காரர் பெயரைப் பெயின்ட்டில் எழுதும் வழக்கம் இல்லை.

பள்ளி நன்றாக இருக்கிறது என்றால் "அங்க ஹெச்.எம். நல்லவருங்க" என்று ஊர் சொல்லும். ஆய்வாளர்களும் கிட்டத்தட்ட அதையேதான் சொல்கிறார்கள். அமெரிக்காவில் வாலஸ் அறக்கட்டளைக்காக ஜேசன் கிரிஸமும் இரு சகாக்களும் 2021-ல் வெளியிட்ட தொகுப்பாய்வு, சராசரிக்குக் கீழான முதல்வர் இருக்கும் பள்ளிக்குச் சராசரிக்கு மேலானவர் வந்தால், அங்கே ஒரு சராசரி மாணவர் ஓர் ஆண்டில் கிட்டத்தட்ட மூன்று மாதப் படிப்பு கூடுதலாகப் பெறுகிறார் என்று கணக்கிட்டது. நல்ல ஆசிரியர் ஒரு வகுப்பைத் தூக்கி நிறுத்துவார். தலைமையாசிரியரின் பலன் பள்ளி முழுவதற்கும் பரவும் என்பதால் இந்த எண் பெரிது. இவ்வளவு முக்கியமான ஆள் எந்த வழியாக அந்த நாற்காலிக்கு வருகிறார், எத்தனை காலம் உட்கார்கிறார், எழுந்து எங்கே போகிறார் என்பதைத்தான் நாம் அதிகம் விசாரிப்பதில்லை. 37,000-க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகள் உள்ள தமிழ்நாட்டில் அந்த வழியைப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

வழி ஒன்றல்ல. தொடக்கக் கல்விப் பக்கம் இடைநிலை ஆசிரியராகச் சேர்பவர், முறை வரும்போது தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர் ஆவார். பிறகு நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர், அதன் பிறகு கொடுத்துவைத்திருந்தால் வட்டாரக் கல்வி அலுவலர். பள்ளிக் கல்விப் பக்கம் பட்டதாரி ஆசிரியருக்கு உயர்நிலைப் பள்ளித் தலைமைப் பதவி. 1978-ல் பிளஸ் டூ வந்தபோது பெருகிய முதுகலை ஆசிரியர்களுக்கு மேல்நிலைப் பள்ளித் தலைமைப் பதவி. மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியரும் மாவட்டக் கல்வி அலுவலரும் ஏறக்குறைய ஒரே படியில் நிற்பவர்கள். அதற்கு மேல் முதன்மைக் கல்வி அலுவலர், இணை இயக்குநர், இயக்குநர். பட்டதாரிக்கு எத்தனை இடம், முதுகலைக்கு எத்தனை இடம் என்ற விகிதாச்சாரச் சண்டை உயர் நீதிமன்றத்தில் ஓயாமல் நடந்துகொண்டிருக்கும் ஒன்று. அதன் நுணுக்கம் ஆசிரியர் சங்கத் தலைவர்களுக்கே சமயத்தில் குழம்பும். வாசகரை அதில் இழுக்கப் போவதில்லை.

எல்லாப் படியிலும் சாவி 'பேனல்' என்ற சொல்தான். ஆண்டுதோறும் பணிமூப்பின்படி தயாராகும் முன்னுரிமைப் பட்டியல் அது. அதில் பெயர் வர மூன்று வேண்டும்: போதுமான சர்வீஸ், தேவையான துறைத் தேர்வுத் தேர்ச்சி, 17(பி) நிலுவையில் இல்லாத சுத்தமான பதிவேடு. 17(பி) என்பது ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் கடுமையான குற்றச்சாட்டுக்கு உரிய பிரிவு. அது நிலுவையில் இருந்தால் பதவி உயர்வு நிற்கும். ஆசிரியர் அறைப் பேச்சில் இந்த எண்ணைக் குரல் தாழ்த்தித்தான் சொல்வார்கள்.

துறைத் தேர்வுகளைக் கவனித்தால் அரசு தலைமையாசிரியரிடம் என்ன எதிர்பார்க்கிறது என்பது விளங்கும். கணக்குத் தேர்வு, கல்வித் துறை நிர்வாகத் தேர்வு என்று அவற்றுக்குப் பெயர். விடுப்பு விதி, பயணப்படி, கருவூல நடைமுறை, மானிய விதி. இவையெல்லாம் வேண்டாதவை என்று சொல்லமாட்டேன். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர்தான் அங்கே சம்பளம் பெற்று வழங்கும் அலுவலர். விதி தெரியாதவர் உட்கார்ந்தால் முப்பது குடும்பங்களின் சம்பளம் தடுமாறும். ஆனால் படிக்கத் தெரியாமல் ஆறாம் வகுப்புக்கு வந்துசேரும் பிள்ளைகளை என்ன செய்வது, பாடம் நடத்தத் தயங்கும் சக ஆசிரியரிடம் மனம் புண்படாமல் எப்படிப் பேசுவது, பள்ளி மேலாண்மைக் குழுப் பெற்றோரைக் கையெழுத்துக்கு மட்டும் கூப்பிடாமல் எப்படி வேலை வாங்குவது என்ற கேள்விகள் ஏணியின் எந்தப் படியிலும் வருவதில்லை.

வரிசை நீளமானது என்பதால் பலரும் ஐம்பதைத் தாண்டியே மேல்நிலைப் பள்ளித் தலைமைக்கு வருகிறார்கள். வந்த பிறகு மிஞ்சுவது சில ஆண்டுகள். அதிலும் முதல் பணியிடம், இடம் ஒதுக்கும் கலந்தாய்வில் மிச்சமிருந்த தொலைதூரப் பள்ளியாக இருக்கும், அடுத்த மே மாதக் கலந்தாய்வில் ஊருக்கு அருகில் மாறுதல் கேட்பார். பலகையில் உள்ள ஒன்றரை ஆண்டுக் கணக்கு பெரும்பாலும் இப்படி வருவதுதான். ஓய்வு வயது 2020-ல் 58-லிருந்து 59 ஆகவும், 2021-ல் 60 ஆகவும் உயர்ந்தது. நாற்காலியில் இருந்தவர்களுக்கு இரண்டு ஆண்டு கூடியது. வரிசையில் நின்றவர்களுக்கு வரிசையே அசையாமல் நின்றது. கருவூலத்தை மனத்தில் வைத்து எடுத்த முடிவு பள்ளித் தலைமையின் சராசரி வயதை ஒரே மூச்சில் மேலே தள்ளியது.

பணமும் பெரிய ஈர்ப்பு இல்லை. ஒரே பதவியில் பத்து ஆண்டு முடித்தால் தேர்வு நிலை, இருபது முடித்தால் சிறப்பு நிலை என்று ஊதியம் தானாக ஏறிவிடுகிறது. அதன் பின் தலைமைப் பதவி ஏற்றால் கூடுவது ஓரிரு ஊதிய உயர்வு அளவுதான். அந்தத் தொகைக்கு ஈடாக வருவது தணிக்கைத் தடை, கட்டட ஒப்பந்ததாரர், ஊர்ப் பஞ்சாயத்து, ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் 'அவசரம்' என்று வரும் படிவம். ஆகவே பேனலில் பெயர் வந்ததும் துறப்புக் கடிதம் எழுதிக் கொடுப்பவர்கள் ஏராளம். துறந்தால் சில ஆண்டுகளுக்குப் பட்டியலில் பெயர் வராது. அதுவே வேண்டும் என்பவர்களும் உண்டு.

துறப்பவர்களில் பெண்கள் அதிகம் என்பதைக் கலந்தாய்வு நடக்கும் எந்த மண்டபத்திலும் பத்து நிமிடம் உட்கார்ந்தால் பார்க்கலாம். பக்கத்திலேயே கணவர் உட்கார்ந்து கைப்பேசியில் பஸ் வழித்தடம் பார்த்துக்கொண்டிருப்பார். "ரெண்டு பஸ் மாறணும், வேணாம்" என்பார். அதோடு பத்தாண்டுக் காத்திருப்பு முடியும். இந்தப் பின்னணியில்தான் 2023 டிசம்பரில் வந்த அரசாணை 243 அவ்வளவு கோபத்தைக் கிளப்பியது. அதுவரை ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்களின் பணிமூப்பு ஒன்றிய அளவில் கணக்கிடப்பட்டது. உங்கள் ஒன்றியத்தில் தலைமையிடம் காலியானால் உங்கள் ஒன்றியத்தின் மூத்தவருக்கு அது போகும். அரசாணை அதை மாநில அளவுக்கு மாற்றியது. ஒரு ஒன்றியத்தில் முப்பது வயதிலேயே பதவி உயர்வு, பக்கத்து ஒன்றியத்தில் ஓய்வு வரை இல்லை என்ற நிலை நியாயமில்லை என்பது அரசு தரப்பு. அந்த வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் திருநெல்வேலி மாவட்டத்து ஆசிரியைக்கு நாளை கிருஷ்ணகிரியில் தலைமைப் பதவி என்றால், அது அவருக்குப் பதவி உயர்வாகத் தெரியுமா, வீட்டைப் பிரிக்கும் உத்தரவாகத் தெரியுமா? தொடக்கக் கல்வி ஆசிரியர் சங்கங்களின் டிட்டோஜாக் கூட்டமைப்பு தெருவுக்கு வந்தது இந்தக் கேள்வியோடுதான். தொடக்கப் பள்ளி விஷயத்தில் எனக்கு இன்னொரு கவலையும் உண்டு. அந்தப் பள்ளியின் தலைமைக்கு ஊரை அறிவதே பாதித் தகுதி.

நாற்காலியில் உட்கார்ந்தவர் ஒரு நாளை எப்படிக் கழிக்கிறார் என்று பார்க்க, டெல்டா மாவட்டக் கிராமம் ஒன்றின் நடுநிலைப் பள்ளியில் ஒரு புதன்கிழமை காலை முழுக்க இருந்தேன். எட்டு மணிக்கே ஹெச்.எம். வந்துவிட்டார். காலை உணவுத் திட்டத்தில் அன்று பொங்கல், சாம்பார். ஒரு கரண்டி வாங்கி நின்றபடியே சாப்பிட்டுப் பார்த்தார், பதிவேட்டில் கையெழுத்திட்டார். மோட்டார் ஓடவில்லை, எலக்ட்ரீஷியனுக்கு மூன்று முறை அழைத்தார். பிரேயர் முடிந்ததும் செயலியில் வருகைப் பதிவு. வட்டார வாட்ஸ்அப் குழுவில், பள்ளித் தரவுத் தளமான எமிஸில் முடியாத பதிவுகளின் 'எமிஸ் பெண்டிங்' பட்டியல் வந்து விழுந்தது. பள்ளியின் பெயர் அதில் இருந்தது, இரண்டு பிள்ளைகளின் ஆதார் விவரம் பொருந்தவில்லை. ஒரு தாய், மகளின் உதவித்தொகை வங்கிக் கணக்கில் ஏறவில்லை என்று பாஸ்புக்கோடு வந்தார். நான்காம் வகுப்பு டீச்சர் தற்செயல் விடுப்பு, ஆகவே நாலும் அஞ்சும் ஒரே அறையில். கழிப்பறை சுத்தம் செய்பவர் வரவில்லை. அதற்கு ஓர் அழைப்பு. மணி பதினொன்றேகால் ஆனபோது அவர் சாக்பீஸை எடுத்துக்கொண்டு எட்டாம் வகுப்புக்குப் போனார். தசமபின்னம். முக்கால் மணி நேரம் கைப்பேசியைத் தொடவில்லை. வெளியே வந்தபோது ஏழு தவறிய அழைப்புகள். "கிளாஸ்ல நின்னாத்தான் சார் நான் வாத்தியாருன்னு எனக்கே ஞாபகம் வருது" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னதுதான், ஆனால் உடனே அடுத்த எண்ணை அழைக்கத் திரும்பிவிட்டார்.

அவர் அன்று காலை செய்தவற்றில் தேவையில்லாதது என்று எதையும் தள்ள முடியாது. பிள்ளைக்குச் சோறும் தண்ணீரும் கழிப்பறையும் பாடத்துக்கு முந்தியவை. ஆனால் அத்தனையையும் ஒரே ஆள் தலையில் ஏற்றிவிட்டு, 'கல்வித் தலைமை' ஏன் இல்லை என்று கேட்பதில் பொருளில்லை. டெல்லி அரசு 2015-க்குப் பின் செய்தவற்றில் முதல்வர்களை ஐ.ஐ.எம். அகமதாபாத்துக்கும் சிங்கப்பூருக்கும் பயிற்சிக்கு அனுப்பியதுதான் செய்தியானது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, பள்ளிகளுக்கு எஸ்டேட் மேலாளர் என்றொருவரை நியமித்தது. குழாய், மின்விசிறி, துப்புரவு எல்லாம் அவர் பொறுப்பு. விமானப் பயணத்தைவிட அந்த ஏற்பாடு ஒரு முதல்வருக்கு அதிக நேரத்தை மீட்டுக் கொடுத்திருக்கும்.

நம் ஏணியின் மேற்பாதி எப்படி உருவானது என்பதற்குக் கொஞ்சம் பின்னே போக வேண்டும். இந்தியக் கல்வி பற்றிய 1854-ன் உட் அறிக்கைக்குப் பிறகு, 1855-ல் அலெக்சாண்டர் ஆர்பத்நாட் சென்னை மாகாணத்தின் முதல் பொதுக் கல்வி இயக்குநர் ஆனார். அந்தப் பதவியின் ஆங்கிலச் சுருக்கமான டி.பி.ஐ. என்ற பெயரில்தான் கல்லூரிச் சாலை வளாகத்தை ஆசிரியர்கள் இன்றும் அழைக்கிறார்கள். 2022-ல் பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகம் என்று பெயர் மாறியும் ஆட்டோக்காரரிடம் டி.பி.ஐ. என்றால்தான் வேலை நடக்கும். பள்ளியைப் பார்த்து அறிக்கை எழுதுகிறவர் ஒரு வகை, பள்ளியில் பாடம் நடத்துகிறவர் இன்னொரு வகை என்ற பிரிவினை அந்தக் காலத்தது.

அந்த ஆய்வாளர் வழியில் வந்தவர்தான் நெ.து. சுந்தரவடிவேலு. காஞ்சிபுரம் பக்கத்து நெய்யாடுபாக்கத்துக்காரர். பள்ளி ஆய்வாளராக ஊர் ஊராகச் சுற்றியவர், 1950-களின் நடுவில் நாற்பத்து சொச்சம் வயதில் பொதுக் கல்வி இயக்குநர் ஆனார். 1956-ல் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் விரிந்தபோதும், அந்தப் பத்தாண்டின் இறுதியில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தபோதும், திட்டத்தின் நிர்வாக முதுகெலும்பு அவர். மாநாட்டுக்கு ஊர்க்காரர்கள் பெஞ்சு, கரும்பலகை, மனை, கட்டடம் என்று கொண்டுவந்து கொடுத்தார்கள். ஓர் அரசு அதிகாரி ஊரிடம் கேட்டு வாங்க முடிந்ததற்குக் காரணம், அவர் அந்த ஊர்களின் திண்ணைகளில் உட்கார்ந்திருந்தார் என்பதுதான். அன்றைய ஆய்வாளர் பள்ளிக்கு வந்தால் பிள்ளையை எழுப்பி வாசிக்கச் சொல்வார். ஆசிரியர்கள் நடுங்கினார்கள், அதில் கொடுமையும் இருந்தது. ஆனால் அவர் வேலை வகுப்பறையைச் சுற்றி இருந்தது.

இன்றைய வட்டாரக் கல்வி அலுவலர் பெயர்ப் பலகையை மாற்றி மாற்றியே களைத்தவர். 2018-ல் ஓர் அரசாணை உதவித் தொடக்கக் கல்வி அலுவலரை வட்டாரக் கல்வி அலுவலர் ஆக்கியது, மாவட்டத் தொடக்கக் கல்வி அலுவலர் பதவியையே எடுத்தது. 2022-ல் வந்த மறுசீரமைப்பு, தொடக்கக் கல்விக்கு என்று தனி மாவட்டக் கல்வி அலுவலரைத் திரும்பக் கொண்டுவந்தது. நாள்தோறும் வட்டாரக் கல்வி அலுவலர் மேசையில் இருப்பது ஊதியப் பட்டியல், பணிப்பதிவேடு, புள்ளிவிவரம். இந்தப் பதவிகளில் ஒரு பங்கு நேரடி நியமனமாகவும் நிரப்பப்படுகிறது: வட்டாரக் கல்வி அலுவலருக்கு ஆசிரியர் தேர்வு வாரியம், மாவட்டக் கல்வி அலுவலருக்கு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் ஒன் சி. முப்பது வயது அலுவலர் ஐம்பத்தெட்டு வயது ஹெச்.எம்.மின் வகுப்பைப் பார்க்க வரும்போது அறையில் ஒரு சங்கடம் நிலவும். இளையவர்களில் அபாரமானவர்களைப் பார்த்திருக்கிறேன். பள்ளி நடத்தாமல் பள்ளியை ஆய்வு செய்யும் பழைய பிளவு இதில் தொடர்கிறது என்பதையும் மறைப்பதற்கில்லை.

பிளவு உச்சியிலும் வெடித்தது. 2021-ல் பள்ளிக் கல்வி இயக்குநர் பதவியை ஓரம்கட்டி, ஐ.ஏ.எஸ். அதிகாரியை ஆணையராக அமர்த்தியபோது சங்கங்கள் எதிர்த்தன. ஆசிரியராகத் தொடங்கியவர் எட்டக்கூடிய கடைசிப் படி இயக்குநர். அதை எடுத்துவிட்டால் ஏணி பாதியில் முடிகிறது என்றார்கள். 2023-ல் இயக்குநர் பதவி திரும்பி வந்தது. அந்தப் போராட்டத்தோடு எனக்கு உடன்பாடு உண்டு. ஆனால் உச்சிப் படிக்காக எழுந்த குரலில் கால்வாசிகூடத் தலைமையாசிரியர் காலியிடங்களுக்காகவும், பொறுப்பு ஹெச்.எம்.களுக்காகவும் எழவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தலைமையை மேம்படுத்த அரசுகள் எடுக்கும் எளிய வழி, தரமதிப்பீடும் மேம்பாட்டுத் திட்டமும். பள்ளியை மதிப்பிட்டு, குறைகளைப் பட்டியலிட்டு, தலைமையாசிரியரைத் திட்டம் எழுத வைப்பது. இது பலிக்குமா என்று பொருளாதார ஆய்வாளர்கள் கார்த்திக் முரளிதரனும் அபிஜீத் சிங்கும் மத்தியப் பிரதேசத்தில் 1,774 தொடக்க, நடுநிலைப் பள்ளிகளை வைத்துச் சோதித்தார்கள். மதிப்பீடு ஒழுங்காக நடந்தது, மேம்பாட்டுத் திட்டங்களும் எழுதப்பட்டன. ஆனால் பள்ளி நடப்பிலோ, ஆசிரியர் வருகையிலோ, பிள்ளைகளின் கற்றலிலோ மாற்றம் எதுவும் தென்படவில்லை. 2020-ல் வெளியான அந்த ஆய்வில் என்னை உலுக்கியது வேறு: முடிவு இப்படி இருந்தும், காகிதம் ஒழுங்காக நிரம்பியதையே வெற்றியாகக் கொண்டு, அதே மாதிரித் திட்டம் நாடு முழுக்கப் பல லட்சம் பள்ளிகளுக்கு விரிக்கப்பட்டது. தலைமையாசிரியர்கள் திட்டம் எழுதுவதில் தேர்ந்தார்கள். எழுதியதைச் செய்தால் அவர்களுக்கு என்ன, செய்யாவிட்டால் என்ன என்பதில் எதுவும் மாறவில்லை. பணி வழி மாறாமல் படிவம் மட்டும் மாறினால் இதுதான் கிடைக்கும்.

பயிற்சியும் இல்லாமல் இல்லை. டெல்லியில் 2012-ல் தொடங்கிய தேசியப் பள்ளித் தலைமைத்துவ மையம் பாடத்திட்டம் வைத்திருக்கிறது, மாநிலங்களும் நடத்துகின்றன. சிக்கல், பயிற்சி வரும் நேரத்தில்தான். பேனலில் பெயர் வருவதற்கும் நாற்காலியில் உட்கார்வதற்கும் இடையே மாதங்கள் கிடக்கின்றன, அப்போது யாரும் கூப்பிடுவதில்லை. பதவியேற்று, பழைய தணிக்கைத் தடைகளைக் கண்டு மிரண்டு, ஓராண்டு கழித்து ஐந்து நாள் பயிற்சிக்குக் கூப்பிடுவார்கள். அந்த ஐந்து நாளும் பள்ளியில் பொறுப்பு ஹெச்.எம்.

சிங்கப்பூரில் 2001-லிருந்து ஆசிரியருக்கு மூன்று தடங்கள்: கற்பித்தல், தலைமை, சிறப்பு வல்லுநர். நல்ல கணக்கு ஆசிரியர் கணக்கு ஆசிரியராகவே இருந்து, பதவியிலும் ஊதியத்திலும் உயரலாம். தலைமைத் தடத்துக்குப் போகிறவர் முதல்வராகும் முன்பே அதற்கான முழுநேரப் படிப்பை முடிக்கிறார். அந்த நாடு நம் ஒரு மாநகரம் அளவு. அப்படியே பெயர்த்து நட முடியாது. தடம் பிரிக்கும் எண்ணத்தை மட்டுமாவது எடுத்துக்கொள்ளலாம். நம்மிடம் நல்ல ஆசிரியருக்கு ஒரே உயர்வு வகுப்பைவிட்டு வெளியேறுவதுதான்.

நமக்குப் பக்கத்திலேயே தமிழில் நடக்கும் இன்னொரு முறையும் இருக்கிறது. இலங்கையில் அதிபர்கள் எனப்படும் பள்ளி முதல்வர்களுக்கென்றே தனிச் சேவை உண்டு. இலங்கை அதிபர் சேவையில் மூன்று தரங்கள், ஆசிரியர்கள் போட்டித் தேர்வு எழுதி உள்ளே போகிறார்கள். கல்வி அதிகாரிகளுக்கு வேறொரு சேவை, இலங்கைக் கல்வி நிருவாக சேவை. அதிபராவது தனித் தொழில் என்று ஒப்புக்கொண்ட அமைப்பு அது. ஆனாலும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் 'கடமை நிறைவேற்று அதிபர்' என்ற சொல் பழகிப்போன ஒன்று. சேவைக்குள் இல்லாமலே பள்ளியை நடத்துபவர். நம் பொறுப்பு ஹெச்.எம்.மின் கடல் தாண்டிய சகோதரர். தேர்வு வைத்தால் மட்டும் காலியிடம் நிரம்பிவிடாது என்பதை அந்தச் சொல் காட்டுகிறது.

பணிமூப்பைத் தூக்கி எறிந்துவிட்டுத் 'திறமை' பார்த்துத் தேர்ந்தெடுக்கலாமே என்று நகரத்து நண்பர்கள் சொல்வார்கள். 2020-ன் தேசியக் கல்விக் கொள்கையும் தகுதி அடிப்படையிலான உயர்வைத்தான் பேசுகிறது. நான் தயங்குவேன். பணிமூப்பு மந்தமானது, ஆனால் பரிந்துரைக் கடிதம் இல்லாதவருக்கும், சாதிப் பின்புலம் இல்லாதவருக்கும், சங்கத்தில் ஆள் தெரியாதவருக்கும் அது ஒன்றுதான் பாதுகாப்பு. நேர்காணல் என்று வந்தால் அறைக்கு வெளியே யார் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். வரிசை அப்படியே இருக்கட்டும். ஒரு பள்ளிக்குப் போனவர் குறைந்தது ஐந்து ஆண்டு அங்கே இருக்க வழி செய்யலாம். அப்படி இருப்பவருக்கு அதிகாரியாகப் போகிறவருக்குக் குறையாத ஊதியமும் தரலாம்.

இதைச் சொல்லும்போது என் சித்தி நினைவு வருகிறது. தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியராக ஒரே கிராமத்தில் பதின்மூன்று ஆண்டு இருந்தவர். நடுநிலைப் பள்ளித் தலைமைக்குப் பெயர் வந்தபோதெல்லாம் துறந்தார். அவருக்குப் பின்னால் பணியில் சேர்ந்தவர்கள் அதிகாரியாகி, அவர் பள்ளிக்கு வந்து வருகைப் பதிவேட்டில் பச்சை மையில் கையெழுத்துப் போட்டார்கள். "போட்டுட்டுப் போறாங்க" என்பார். அந்த ஊரில் பொங்கல் முடிந்ததும் செங்கல் சூளைக்குக் குடும்பம் குடும்பமாகப் போவார்கள், பிள்ளைகளும் போகும். எந்த வீட்டில் பாட்டி இருக்கிறாள், எந்தப் பாட்டியால் இரண்டு பிள்ளைகளைச் சமாளிக்க முடியும், எந்த மேஸ்திரி முன்பணத்தைப் பெரியவர்களோடு நிறுத்திக்கொள்வார் என்று சித்தியிடம் ஒரு கணக்கு இருந்தது. மார்கழி மாதமே அந்த வீடுகளுக்குப் போய்ப் பேசத் தொடங்குவார். முதல் இரண்டு ஆண்டு ஒரு பிள்ளையைக்கூடத் தடுத்து நிறுத்த முடியவில்லையாம். நான்காம் ஆண்டிலிருந்து பாதிப் பேர் ஊரில் தங்கினார்கள். அந்தக் கணக்கு எந்தப் பதிவேட்டிலும் இல்லை, எமிஸில் அதற்குக் கட்டமும் இல்லை. அவர் ஓய்வு பெற்றபின் வந்தவர் பத்து மாதத்தில் மாறுதல் வாங்கிப் போனார். கெட்டவர் அல்ல, அவருடைய வீடு எண்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தது.

சித்தியின் பணிப்பதிவேட்டை ஓர் அதிகாரி பார்த்தால், முன்னேற்றம் இல்லாமல் ஒரே இடத்தில் தேங்கிய பணி என்றுதான் படிப்பார். ஏணியின் மொழியில் அது சரியான வாசிப்பும்கூட.

இப்போது ஏணியின் கீழ்ப்படியிலேயே ஒரு தாழ்ப்பாள். 2010-ல் கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின் ஆசிரியர் தகுதித் தேர்வு கட்டாயமானது. அதற்கு முன் பணியில் சேர்ந்தவர்களின் பதவி உயர்வுக்கும் அது வேண்டுமா என்ற வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூனில் வேண்டும் என்றது. தொடக்கக் கல்வித் துறையில் உயர்வுகள் முடங்கின, பொறுப்பு ஹெச்.எம்.கள் பெருகினார்கள். 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது: ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இருப்பவர்கள் பணியில் நீடிக்கவே இரண்டு ஆண்டுக்குள் தேர்ச்சி பெற வேண்டும், ஐந்து ஆண்டுக்குக் குறைவாக இருப்பவர்கள் பணியில் தொடரலாம், ஆனால் தேர்ச்சியின்றிப் பதவி உயர்வு கிடையாது. ஆசிரியரின் தரத்துக்கு அளவுகோல் வேண்டும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் இருபத்தைந்து ஆண்டு பள்ளி நடத்தியவரின் தலைமைத் தகுதியை, புதிதாக வேலை தேடுபவருக்கு வைத்த கொள்குறி வினாத்தாளால் எப்படி அளக்க முடியும் என்பது எனக்கு விளங்கவில்லை.

அந்தத் தீர்ப்புக்குச் சில வாரம் கழித்து, பதினாறு மாதமாகப் பொறுப்பு ஹெச்.எம்.மாக இருக்கும் ஒரு நடுநிலைப் பள்ளி ஆசிரியையைப் பார்க்கப் போயிருந்தேன். வயது ஐம்பத்து மூன்று. மேசையில் மேலாண்மைக் குழுத் தீர்மானப் புத்தகத்துக்கு அடியில் குழந்தை உளவியல் கைடு ஒன்று இருந்தது. மகளுடையதாம். மகள் பி.எட். முடித்துவிட்டு அதே தேர்வுக்குப் படிக்கிறாள். "பகல்ல எங்கிட்ட இருக்கும், ராத்திரி அவகிட்ட" என்றார். உளவியலாளர் பியாஜே பற்றிய பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டிருந்தது. யார் போட்ட கோடு என்று கேட்பதற்குள் சத்துணவுக் கூடத்திலிருந்து அழைப்பு வந்தது. கேஸ் தீர்ந்துவிட்டது.